கோரையை ஒழிக்க முடியாது, அடக்கத்தான் முடியும்: மறுப்பவர்கள் வரலாம்

#1 வேலியோரம்

கோரை, அருகு, கானாவாழை, புளியாரை. இந்த நாலில் ஒன்று தோட்டத்தில் காலூன்றிவிட்டால் அடியோடு ஒழிக்கலாம் என்பது வெறும் வாய்ப்பேச்சு, ஒழிக்கப் போய்த்தான் பலர் பெருக்கிவிடுகிறார்கள் என்பது என் கட்சி.

கோரையைப் பிடுங்கும்போது கையோடு வருவது மேலே தெரியும் தூர் மட்டும். அடியில் கிழங்குகள் கம்பி போன்ற தண்டால் சங்கிலியாகக் கோத்துக் கிடக்கின்றன. சங்கிலி அறாதவரை நுனிக் கிழங்கு முளைத்து, பின்னால் இருப்பவற்றைத் தூங்க வைத்திருக்கும். கொத்தி அறுத்தால் தூங்கியதெல்லாம் எழுந்து ஆளுக்கொரு செடி ஆகிவிடும். அருகுக்குக் கணுவுக்குக் கணு ஒரு செடி. கானாவாழை மேலே நீலப்பூ பூப்பது போதாதென்று மண்ணுக்குள்ளும் பூத்து விதை வைக்கிறது. புளியாரையின் முற்றிய காயைத் தொட்டாலே வெடித்து விதை தெறிக்கிறது.

ஆகவே எந்தப் பாத்தி வேண்டும் என்று முடிவு செய்து, எல்லை கட்டி, அதற்குள் மட்டும் அடக்கி வைத்தால் போதும். வெளியே இருப்பதோடு மல்லுக்கட்ட வேண்டாம். மறுப்பவர்கள் ஆழம், நாள், அளவு சொல்லி மறுக்கவும். "எங்கள் தாத்தா காலத்தில்" என்று தொடங்குகிறவர்களுக்குப் பதில் கிடையாது.

#2 கடப்பாரை

"முடியாது" என்பது சோம்பலுக்கு வைத்த செல்லப்பெயர்.

கோரைக்கிழங்கில் பெரும்பங்கு மேல்மண் 15 செ.மீ.க்குள் இருக்கிறது. 30 செ.மீ.க்குக் கீழே போவது சொற்பம். ஆக இது பாதாளம் வரை போகும் எதிரி இல்லை. மண்ணைக் கையில் பிடித்து விட்டால் உதிரும் பதத்துக்கு ஈரம் வரட்டும். மண்வெட்டி வேண்டாம், அது கிழங்கை வெட்டும், தண்டை அறுக்கும். பல் வைத்த ஃபோர்க்கைச் செங்குத்தாக இறக்கி, கட்டியாக நெம்பி, கையால் உடைத்துச் சங்கிலியோடு உருவ வேண்டும். மிச்ச மண்ணை 6 மி.மீ. கண் உள்ள சல்லடையில் தட்ட வேண்டும். எடுத்த கிழங்கைச் சிமென்ட் தரையில் ஒரே அடுக்காகப் பரப்பி இரண்டு வாரம் காயவிட்டால் செத்துவிடும்.

சந்தேகமிருந்தால் காய்ந்ததில் பத்து கிழங்கை ஈரத்துணியில் சுற்றி இரண்டு வாரம் வையுங்கள். ஒன்றாவது முளைத்தால் மறுபடி காயவையுங்கள். இதில் எந்தப் படி முடியாதது, சொல்லுங்கள்.

#3 களைக்கொத்து

> "இதில் எந்தப் படி முடியாதது"

சல்லடை. கணக்குப் போட்டீர்களா சார்? ஒரு சதுர மீட்டரை 30 செ.மீ. ஆழம் வெட்டினால் 300 லிட்டர் மண், எடை சுமார் 400 கிலோ. பத்துச் சதுர மீட்டர் பாத்திக்கு 4 டன் மண்ணைச் சல்லடையில் தூக்கிப் போட வேண்டும். அதுவும் களிமண்ணாக இருந்தால் சல்லடைக் கண் பத்து நிமிடத்தில் அடைத்துக்கொள்ளும். கட்டிக்குள் கிழங்கு ஒளிந்து நிற்கும். கோரையின் இளங்கிழங்கு பட்டாணி அளவுகூட இருக்காது, 6 மி.மீ. கண்ணில் நழுவி இறங்கிவிடும். தப்பித்தது அத்தனையும் சங்கிலி அறுந்த கிழங்கு, அதாவது தூக்கம் கலைந்தது. மூன்று வாரத்தில் முன்பைவிட நெருக்கமாகப் பச்சை கட்டும். அதைப் பார்த்துத்தான் பாதிப் பேர் "எவ்வளவு வெட்டினாலும் வருது" என்று புலம்புகிறார்கள்.

கிழங்கைத் தேடாமல் பட்டினி போட்டால் போதும். கிழங்கிலிருந்து வரும் துளிர் ஆரம்பத்தில் கிழங்கைத் தின்றுதான் வளர்கிறது. ஐந்தாறு இலை விரிந்ததும் ஓட்டம் தலைகீழாகிறது: இலை சம்பாதிக்கிறது, கீழே அனுப்புகிறது. மூன்று, நாலு வாரத்தில் புதுக் கிழங்கு கட்ட ஆரம்பித்துவிடும். அந்தத் திருப்பத்துக்கு முன்னால் வெட்டினால் ஒவ்வொரு வெட்டும் கிழங்குக்கு நட்டக்கணக்கு. ஒரு கிழங்கில் மொட்டு பல இருப்பதால் மறுபடி துளிர்க்கும். ஆனால் சேமிப்பில் பெரும்பங்கை முதல் துளிரே செலவழித்திருக்கும், அடுத்தடுத்து வருவது மெலிந்துகொண்டே போகும்.

நாள் கணக்கு: 10 முதல் 14 நாளுக்கு ஒரு வெட்டு. வெட்டும் இடம்தான் முக்கியம். தூரை மெதுவாகச் சுரண்டிப் பாருங்கள், மண் மட்டத்துக்குச் சற்றுக் கீழே சின்ன வெங்காயம் போல ஒரு முடிச்சு தெரியும். இலையும் தண்டும் அங்கிருந்துதான் புறப்படுகின்றன. புல்வெட்டியால் இலையை மட்டும் நறுக்கினால் அந்த முடிச்சு சில நாளிலேயே இலையை நீட்டிவிடும். தீட்டிய தட்டை அலகைப் படுக்கவைத்து முடிச்சுக்குக் கீழே, 2–3 செ.மீ. ஆழத்தில் இழுக்க வேண்டும். அதற்கு மேல் ஆழம் போகவே கூடாது. போனால் அறுபட்ட சங்கிலி, புதிதாக மேலே வந்த விதை, இரண்டு தொல்லையும் சேர்ந்து வரும்.

#4 கடப்பாரை

4 டன் என்று பயமுறுத்துவது சரி. 14 நாளுக்கு ஒரு தடவை, எத்தனை தடவை என்று சொல்லாமல் விட்டுவிட்டீர்களே?

#5 களைக்கொத்து

வளரும் பருவம் முழுக்க. பன்னிரண்டு, பதினைந்து வெட்டு வரும். முதல் நாலைந்து வெட்டில் ஒரு மாற்றமும் தெரியாது, அங்கேதான் பலர் கைவிடுகிறார்கள். அடுத்த பருவத்தில் பாதி வேலை. அதன் பிறகும் தூங்கிக் கிடக்கும் கிழங்கு அங்கொன்று இங்கொன்று எழும். வருடக்கணக்கில் மண்ணுக்குள் உயிரோடு கிடக்கக்கூடியது அது. அதனால் "ஒழித்தாயிற்று" என்று நான் எழுதித்தர மாட்டேன். அந்த அளவில் #1 சொல்வது சரி.

#6 மூடாக்கு

எல்லாரும் வெட்டுறதப் பத்தியே பேசறீங்க. வெளிச்சத்தை நிறுத்துங்க, வேலை முடிஞ்சுது.

மண்ண நல்லா நனைச்சு, மேல அட்டைப்பெட்டிய விரிச்சுப் போடணும். ஒட்டியிருக்கற டேப், பின் எல்லாம் உரிச்சுடணும். அட்டையும் அட்டையும் சேர்ற இடத்துல 15 செ.மீ. ஒண்ணு மேல ஒண்ணு ஏறணும், இல்லன்னா அந்தச் சந்துதான் களைக்கு ராஜபாட்டை. அட்டையயும் நனைக்கணும். காஞ்ச அட்டை தண்ணிய உள்ள விடாது, வழிச்சு விட்டுடும். அது மேல சருகு இல்லன்னா மரத்தூள் கலந்த கழிவு 10 செ.மீ. செடியோட தண்டுலேர்ந்து ஒரு சாண் தள்ளி நிறுத்திக்கோங்க, ஒட்டிப் போட்டா தண்டு அழுகும். புளியாரை, பருப்புக்கீரை, அம்மான் பச்சரிசி மாதிரி பொடி விதைக் களையெல்லாம் இதுல பெரும்பாலும் அடங்கிடும். பொடி விதைக்கு முளைக்கவே வெளிச்சம் வேணும்.

#7 களைக்கொத்து

விதைக் களைக்கு நூறு சதம் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தத் திரியின் தலைப்பில் இருப்பது கோரை அண்ணே. அதன் துளிர் நுனியைத் தொட்டுப் பார்த்திருப்பீர்கள், இலைகள் சுருண்டு ஊசியாக வரும். நனைந்த அட்டை அதற்குத் தூசு. பாத்திக்குப் போடும் 25–30 மைக்ரான் கறுப்பு மல்ச்சிங் ஷீட்டையே குத்திக்கொண்டு வருகிறது. மூடாக்கு போட்ட பாத்தியில் மற்ற களையெல்லாம் அடங்கி, போட்டியே இல்லாமல் கோரை மட்டும் நெட்டையாக நிற்பதுதான் நடக்கும்.

#8 வேலியோரம்

இங்கே ஒரு வேடிக்கை உண்டு. கறுப்பு ஷீட்டைக் குத்தும் அதே கோரை, வெளிச்சம் ஊடுருவும் ஷீட்டில் மாட்டிக்கொள்ளும். இருட்டில் துளிர் ஊசியாகவே நீண்டு முட்டுகிறது. வெளிச்சம் பட்டதும் "வெளியே வந்துவிட்டோம்" என்று ஏமாந்து இலையை விரித்துவிடுகிறது. விரித்த இலையால் குத்த முடியாது, ஷீட்டுக்கும் மண்ணுக்கும் இடையில் வெந்து போகும். அதற்கு மண்ணுக்கும் ஷீட்டுக்கும் நடுவே 5–10 மி.மீ. இடைவெளி வேண்டும். மண்ணோடு அப்பினால் விரிய இடமில்லாமல் துளைத்துவிடும்.

வெயில் உச்சத்தில் இருக்கும் பருவத்தில், மண்ணை நன்றாக நனைத்து, 25–50 மைக்ரான் நிறமற்ற பாலித்தீனை விரித்து, நாலு ஓரத்தையும் 15 செ.மீ. ஆழச் சாலில் புதைத்து, 4 முதல் 6 வாரம் விட வேண்டும். உலர்ந்த மண் சூட்டைக் கீழே கடத்தாது, அதனால் நனைப்பதை விட்டால் எல்லாம் வீண். நிழல் விழும் இடத்துக்கு இது சரிப்படாது. ஓரத்திலிருந்து ஒரு அடி வரை சூடு ஏறாது, அந்த வளையத்தில் களை அப்படியே தப்பும்.

#9 கடப்பாரை

அப்படியானால் ஒழிக்க வழி இருக்கிறது என்று நீங்களே ஒப்புக்கொண்டாயிற்று. திரியை மூடலாமா?

#10 வேலியோரம்

அவசரப்படாதீர்கள். சூடு வேலை செய்வது மேல் 5–10 செ.மீ.க்குத்தான். அதற்குக் கீழே இருக்கும் கிழங்குக்கு அந்த வெதுவெதுப்பு எழுப்புமணி, சாவுமணி ஆகாது. எழுந்த துளிர் ஷீட்டுக்கடியில் வேகும், அது லாபம். எழாதது அடுத்த மழைக்கு எழும். பெரிய வெட்டுகள் நாலைந்தை இது மிச்சப்படுத்தும், அவ்வளவுதான்.

#11 சந்தேகி

இவ்வளவு எதற்கு? வினிகர், உப்பு, பாத்திரம் கழுவும் சோப்பு மூன்றையும் கலந்து அடித்தால் மறுநாளே கருகிவிடுகிறது. வீடியோக்களில் பார்க்கலாம்.

#12 தெளிப்பான்

மறுநாள் வரைக்கும்தான் வீடியோ எடுப்பார்கள். இருபதாம் நாள் எடுக்க மாட்டார்கள்.

சமையல் வினிகரில் அசிட்டிக் அமிலம் 5 சதம். பட்ட இலையின் செல்லுறையைக் கிழித்துக் காயவைக்கும், தண்டு வழியே கீழே இறங்காது. இரண்டு இலை விட்ட விதைக் களை சாகும். கோரைக்கும் அருகுக்கும் அது முடிவெட்டியது போல. 20 சதம் என்று தோட்டத்துக்கு விற்பது கண்ணையும் தோலையும் பொசுக்கும், கண்ணாடி, கையுறை இல்லாமல் தொடக்கூடாது. உப்பு அதைவிட மோசம். சோடியம் களிமண் துகள்களைப் பிரித்து மண்ணை இறுக்கிவிடும். நீர் இறங்காது, மேலே பாளமாகும். சாகுபடிச் செடி முதலில் போகும், அருகு கடைசியில் போகும், ஏனென்றால் அருகு உப்பை ஓரளவு தாங்கும் புல். கொதிநீர் வேண்டுமானால் நடைபாதைக் கல் இடுக்கில் ஊற்றுங்கள், அங்கே நல்ல வேலை செய்யும்.

இலையில் பட்டு அடி வரை இறங்குவது கிளைபோசேட் போன்ற களைக்கொல்லிகள்தான். ஆனால் அதைக் கெடுத்து அடிப்பவர்கள்தான் அதிகம்:

அடிக்கும் முன் வெட்டிவிடுகிறார்கள். மருந்து உள்ளே போக இலை வேண்டும், வெட்டினால் வழியே இல்லை. நன்றாகத் தழைத்து, பூ எடுக்கும் தருணத்தில் அடித்தால் சாறு கீழ்நோக்கி ஓடும்போது மருந்தும் கூடவே போகும். வாடிய செடியில் ஓட்டமே இருக்காது.

கலங்கல் தண்ணீரில் கலக்குகிறார்கள். கிளைபோசேட் களிமண்ணைக் கண்டதும் ஒட்டிக்கொண்டு செயலிழக்கும். இலையில் புழுதி படிந்திருந்தாலும் அதே கதைதான். கடின நீரும் வீரியத்தைக் குறைக்கும்.

"சீக்கிரம் சாகட்டும்" என்று அளவைக் கூட்டுகிறார்கள். இலை இரண்டே நாளில் கருகினால் மருந்து இறங்கும் பாதை அடைபட்டது என்று பொருள். மெதுவாக மஞ்சளித்துச் சாவதுதான் வெற்றி. லேபிளில் போட்ட அளவே உச்சம்.

அடித்த பின் ஒரு வாரம், பத்து நாள் மண்ணைத் தொடாதீர்கள். ஆறு மணி நேரத்துக்குள் மழை வரும் போலிருந்தால் அடிக்கவே வேண்டாம். பாத்திக்கு நடுவே என்றால் தெளிப்பான் வேண்டாம், கையுறை மேல் ஸ்பாஞ்சு வைத்து இலை இலையாகத் தடவுங்கள். சாகுபடிச் செடியின் இலையிலோ பச்சைத் தண்டிலோ ஒரு சொட்டுப் பட்டாலும் அதுவும் போய்ச் சேரும்.

#13 மூடாக்கு

அந்தக் கிளைபோசேட்டத்தான் 2015-ல உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2ஏ பட்டியல்ல, அதாவது "அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கும்"ங்கற வரிசையில போட்டுச்சு. வீட்டுத் தோட்டத்துல எதுக்கு இந்த வம்பு?

#14 தெளிப்பான்

போட்டது உண்மை. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்ததும் உண்மை. சில நாடுகளில் வீட்டுத் தோட்டத்துக்கு விற்பனையே இல்லை, உங்கள் இடத்துச் சட்டத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். அடி என்று நான் யாரையும் வற்புறுத்தவில்லை. அடிப்பதானால் வீணாக அடிக்காதீர்கள் என்கிறேன். இன்னொன்றையும் நானே சொல்லிவிடுகிறேன்: மருந்து போய்ச் சேர்வது இலையோடு தொடர்பில் இருக்கும், விழித்திருக்கும் கிழங்குக்குத்தான். சங்கிலி அறுந்து தனியே தூங்கும் கிழங்குக்கு ஒரு துளியும் போகாது. ஆகவே கொத்திப் போட்ட பாத்தியில் மருந்தும் பாதிதான் வேலை செய்யும். ஒரே அடியில் ஒழியும் என்று விற்பவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

#15 சந்தேகி

வினிகர் விஷயத்தில் ஒப்புக்கொள்கிறேன். கோரையை மட்டும் கொன்று புல்தரையை விட்டுவைக்கும் மருந்து இருக்கிறதாமே?

#16 தெளிப்பான்

ஹாலோசல்ஃப்யூரான். புல்தரையில் கோரைக்குப் போடுவது. வேலை தெரிய இரண்டு மூன்று வாரம் ஆகும், அதற்குள் பொறுமை இழந்து மறுபடி அடிக்கக் கூடாது. மண்ணில் சில காலம் தங்கும் என்பதால் அடுத்து அங்கே காய்கறி போட நினைத்தால் லேபிளில் உள்ள இடைவெளி மாதங்களைப் பார்க்க வேண்டும்.

#17 நிழல்மடி

கோரைக்கும் அருகுக்கும் ஒரே பலவீனம்: நிழல். இரண்டும் முழு வெயிலில் வெறிபிடித்து வளரும் ரகம், நிழலில் கிழங்கு கட்டுவது வெகுவாகக் குறைந்துவிடும். அட்டை, ஷீட் எல்லாம் செத்த நிழல். உயிருள்ள நிழல் போடுங்கள்.

களைக்கொத்து சொன்னபடி மூன்று நாலு தடவை வெட்டிக் களையைத் தளரவிட்டு, உடனே தட்டைப்பயறை 15 செ.மீ. இடைவெளியில் நெருக்கி விதைக்கலாம். அல்லது சர்க்கரைவள்ளிக் கொடியை 30 செ.மீ.க்கு ஒன்று நடலாம். தரை மூட ஐந்தாறு வாரம் ஆகும், அதுவரை வெட்டு தொடர வேண்டும். மூடிய பிறகு கீழே எட்டிப் பார்த்தால் வெளிறிய கோரை இரண்டு மூன்று இலையோடு சாய்ந்து கிடக்கும். சொட்டுநீர் போடும் பாத்தியில் செடிக்கு மட்டும் நீர் போனால் இடைவெளி காய்ந்து கிடக்கும், அதுவும் உதவி. இடைவெளிக்கும் சேர்த்துத் தண்ணீர் தெளித்தால் களைக்கும் விருந்துதான்.

#18 கடப்பாரை

சர்க்கரைவள்ளியா! கிழங்கை எடுக்க மண்ணைத் தலைகீழாகப் புரட்ட வேண்டும். மண்ணைக் கிளறாதே என்று பத்து பதிவாக எனக்கு உபதேசம் செய்துவிட்டு, கடைசியில் கிழங்குப் பயிரா?

#19 நிழல்மடி

நியாயமான அடி. கோரை இருக்கும் பாத்திக்குத் தட்டைப்பயறே மேல், அறுக்கும்போது வேரை மண்ணிலேயே விட்டுத் தண்டை மட்டும் வெட்டலாம். சர்க்கரைவள்ளி போட்டால், கிளறும்போது மேலே வரும் கோரைக்கிழங்கைப் பொறுக்கி உங்கள் முறைப்படி காயவையுங்கள். அந்த ஒரு நாள் மட்டும் உங்கள் கட்சிக்கு ஓட்டு.

#20 வேலியோரம்

கோரையிலேயே சுற்றுகிறோம். அருகுக்கு எல்லை எப்படிக் கட்டுவது என்று யாராவது சொல்லுங்கள். "ஆறு அங்குலத் தகடு பதி, தீர்ந்தது" என்று எழுதாதீர்கள்.

#21 கடப்பாரை

ஆறு அங்குலம் போதாது, அது சரி. அருகுக்கு இரண்டு கால். ஒன்று தரைமேல் ஓடும் தண்டு, இன்னொன்று தரைக்கடியில் ஓடும் வெள்ளைத் தண்டு, நுனி முள் மாதிரி கூராக இருக்கும். தகடு போட்டால் 30 செ.மீ. ஆழம் இறங்கி, மண்ணுக்கு மேல் 5 செ.மீ. நிற்க வேண்டும். மேலே நீட்டாவிட்டால் ஓடுதண்டு சாதாரணமாக ஏறித் தாண்டும். தகடுகள் சேரும் இடம்தான் முதலில் தோற்கும், 15 செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று ஏற்றிக் கட்டுங்கள்.

செலவில்லாத வழி சால். பாத்தியைச் சுற்றி 15 செ.மீ. அகலம், 20 செ.மீ. ஆழம், பாத்திப் பக்கச் சுவர் செங்குத்து. மேலே ஓடி வரும் தண்டு காற்றில் தொங்கும், அடியில் வருவது சால் சுவரில் வெள்ளையாக மூக்கை நீட்டும். வாரம் ஒருமுறை மண்வெட்டியால் செங்குத்தாக ஒரு சீவல், அவ்வளவே. தகடு மறைக்கும், சால் காட்டிக்கொடுக்கும். அதனால் சால்தான் என் ஓட்டு. சாலில் சருகு நிரம்ப விடாதீர்கள், நிரம்பினால் அதுவே பாலமாகிவிடும்.

#22 களைக்கொத்து

இதில் எனக்குச் சண்டையே இல்லை. ஒரு சேர்க்கை மட்டும்: ரொட்டவேட்டர் வைத்து அருகுத் தரையை உழுவதைப் போல முட்டாள்தனம் வேறில்லை. ஒரு மீட்டர் தண்டை இருபது துண்டாக நறுக்கி, மண்ணில் சமமாகக் கலந்து, நட்டுக்கொடுக்கும் எந்திரம் அது. உழுதே தீர வேண்டுமென்றால் மழை வாடையே இல்லாத வறண்ட நாளில் உழுது, துண்டுகளை மேலே வாரி வெயிலில் காயப்போட்டு, தொடர்ந்து நீர் காட்டாமல் வைத்திருந்தால்தான் பலன்.

#23 புதுக்கை

குறுக்கே ஒரு கேள்வி. ரோஜாத் தூருக்கு நடுவிலேயே அருகு புகுந்துவிட்டால்? வெட்டவும் முடியாது, மருந்தும் தடவ முடியாது, நிழலும் போட முடியாது.

#24 கடப்பாரை

அதற்கு ஒரே வழிதான், செடியைத் தூக்குவது. செடி ஓய்வாக இருக்கும் பருவத்தில், மூன்றில் ஒரு பங்கு கிளையைக் குறைத்து, வேர்ப்பந்தோடு எடுத்து, வாளித் தண்ணீரில் மண் முழுக்கக் கரையும்வரை அலசுங்கள். ரோஜா வேர் பழுப்பு, மரத்தன்மை, நுனிக்குப் போகப் போக மெலியும். அருகுத் தண்டு வெள்ளை, ஒரே பருமன், இரண்டு விரலில் உருட்டினால் கணு கணுவாகத் தட்டுப்படும், கணுவில் காய்ந்த செதில் இருக்கும். கணுவைத் தடவித் தடவி உருவுங்கள், அறுந்தால் அறுந்த துண்டைத் தேடி எடுத்த பிறகே அடுத்தது. வேர் காயாமல் ஈரச்சாக்கில் சுற்றி வேலை பாருங்கள். நடுவது அதே குழியில் வேண்டாம்.

#25 மூடாக்கு

இதையும் சேத்துக்கோங்க: பாதிக்கு மேல களை நாமளே தூக்கிட்டு வர்றதுதான். வாங்கற தொட்டிச் செடியோட அடி ஓட்டையப் பாருங்க, கோரைத் தண்டு வெளிய நீட்டிட்டு இருக்கும். மேல் மண்ண ரெண்டு அங்குலம் சுரண்டிட்டு நடணும். தொழு உரம் சரியா மக்காம இருந்தா விதை பூரா உசுரோட வரும். பிடுங்கின களைய மக்குக் குழியில போட்டாத் தப்பில்ல, குழி சூடாகணும்.

#26 தெளிப்பான்

"சூடாகணும்" என்றால் எவ்வளவு? குவியலின் நடுவே 55 டிகிரி செல்சியஸுக்கு மேல் குறைந்தது மூன்று நாள், பிறகு புரட்டி ஓரத்தை நடுவுக்குக் கொண்டுவந்து மறுபடி மூன்று நாள், இப்படி நாலைந்து தடவை. ஒரு கன மீட்டருக்குக் குறைந்த குவியல் அந்தச் சூட்டைப் பிடித்து வைக்காது. வீட்டு மக்குத் தொட்டி பெரும்பாலும் கதகதப்போடு நிற்கும், கோரைக்கிழங்குக்கு அது நாற்றங்கால். கிழங்கு, அருகுத் தண்டு, விதை வைத்த தலை மூன்றும் மக்குத் தொட்டிக்கு வேண்டாம். காயவைத்த பிறகு போடலாம்.

#27 மூடாக்கு

சரி, அதுல தோத்துட்டேன். கானாவாழைக்கு மூடாக்கு நிக்கும்ல?

#28 களைக்கொத்து

அதிலும் இல்லை அண்ணே, மன்னிக்கவும். கானாவாழைத் தண்டு மூடாக்கு மேலேயே படர்ந்து, கணுவுக்குக் கணு அந்தச் சருகுக்குள் வேர்விடும். பிடுங்கி ஓரமாகப் போட்டால் சதைப்பற்றுள்ள தண்டு வாரக்கணக்கில் வாடாமல் கிடந்து, ஒரு மழையில் திரும்பவும் பிடிக்கும். பிடுங்கும்போது இழுத்து அறுக்காமல், அடியில் கைவைத்துத் தூக்குங்கள். மண்ணுக்குள் வெளிறிய குட்டித் தண்டுகள் இருக்கும், அவற்றில்தான் தரைக்கடி விதை இருக்கிறது, அதோடு வர வேண்டும். எடுத்ததைக் கறுப்புப் பாலித்தீன் பையில் கட்டி வெயிலில் கூழாகும்வரை வையுங்கள். பருப்புக்கீரைக்கும் இதே விதி, பிடுங்கிப் போட்ட பிறகும் அதன் காய் முற்றி விதை உதிர்க்கும்.

புளியாரைக்கு ஒரே சூத்திரம்: காய் நிமிர்ந்து நிற்கும் முன் எடு. நிமிர்ந்துவிட்டால் ஈரத்துணியால் செடியை மூடிப் பிடித்து எடு.

#29 சந்தேகி

இத்தனையும் படித்த பிறகு கேட்கிறேன்: அடங்குகிறதா இல்லையா என்று எப்படித் தெரியும்? எல்லாரும் "குறையும்" என்கிறீர்கள், கண்ணுக்குப் பச்சையாகத்தானே இருக்கிறது.

#30 வேலியோரம்

எண்ணிப் பாருங்கள். பாத்தியில் ஒரு அடிக்கு ஒரு அடி சதுரமாக நாலு குச்சி நட்டு, ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் அதற்குள் இருக்கும் கோரைத் தூரை எண்ணிக் குறித்து வையுங்கள். ஓரத்தில் வேண்டாம், நடுவில் இரண்டு இடம். இரண்டாம், மூன்றாம் வெட்டுக்குப் பிறகு எண்ணிக்கை ஏறும். தூங்கியது எழுகிறது என்று பொருள், பயப்பட வேண்டாம். ஏழெட்டு வெட்டுக்குப் பிறகும் ஏறிக்கொண்டே போனால் இடைவெளி 14 நாளைத் தாண்டுகிறது அல்லது ஆழமாகக் கொத்துகிறீர்கள். எண்ணிக்கையோடு இலை அகலத்தையும் பாருங்கள், மெலிந்தால் கிழங்கு காலியாகிறது.

#31 கடப்பாரை

எல்லைக்கு வெளியே விட்டுவிடலாம் என்றீர்களே #1-ல், அதற்கு இன்னும் என் பதில் "கூடாது"தான். வெளியே விட்ட அருகு பூத்து விதையைக் காற்றிலும் காலிலும் உள்ளே அனுப்பும். பார்த்தீனியம் இருந்தால் ஒரு செடிக்கே ஆயிரக்கணக்கில் விதை, தோல் அரிப்பு தனி.

#32 வேலியோரம்

விடலாம் என்றால் பூக்க விடலாம் என்று நான் சொல்லவில்லை, எழுதும்போது அதைச் சேர்த்திருக்க வேண்டும், தவறு என்னுடையது. எல்லைக்கு வெளியே பூங்கொத்து தலைகாட்டும்போதெல்லாம் புல்வெட்டி ஓட்டினால் போதும், அங்கே கிழங்கைத் துரத்த வேண்டியதில்லை. பார்த்தீனியம் மட்டும் விதிவிலக்கு. பூப்பதற்கு முன், மண் ஈரமாக இருக்கும்போது, கையுறையோடு வேருடன் பிடுங்க வேண்டும், வெட்டினால் அடியிலிருந்து கிளைத்துத் தாழ்வாகப் பூக்கும்.

#33 கடப்பாரை

அப்படியானால் சண்டை ஒரே ஒரு பாத்திக்குச் சுருங்கிவிட்டது. நாலு சதுர மீட்டருக்குள் என்றால் நான் சலிப்பேன், மேலே போனால் களைக்கொத்து சொன்ன வெட்டு. இதற்கு மேல் இறங்கி வர மாட்டேன்.

#34 களைக்கொத்து

நாலு சதுர மீட்டரே 1.6 டன் சார். சலித்து முடித்த பதினான்காம் நாள் கொத்தை எடுத்துக்கொண்டு வாருங்கள், நழுவியது எத்தனை என்று சேர்ந்தே எண்ணலாம்.